மலைப் பனிக்கு முன்னால் கோழிக்கூட்டைத் தயார் செய்வது: புரட்டாசியில் தொடங்க வேண்டிய வேலைகள்

மூணாறு, தேவிகுளம், சூரியநெல்லி, போடிமெட்டு என்று மேலே இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கீழே போடியிலும் கம்பத்திலும் இருப்பவர்களுக்கு இதில் பாதி வேலை தேவைப்படாது. இங்கே ஜூனில் பிடிக்கும் மழை ஆவணியில் கொஞ்சம் ஓய்ந்து, ஐப்பசியில் மறுபடி கிழக்கிலிருந்து வந்து, அது விட்ட கையோடு பனி இறங்கிவிடும். ஜனவரியில் செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் சில விடியற்காலைகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல உறைந்து கிடக்கும்.

லயத்துக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்னால் எட்டுப் பத்துக் கோழி வைத்திருக்கிற நாம் எல்லோரும் அப்போது செய்வது ஒரே காரியம்தான், தார்ப்பாயைக் கொண்டுவந்து கூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். அந்த மார்கழியில் பதினான்கு கோழிகளில் ஐந்து போய்விட்டன. முதல் கோழி செத்தபோது குளிர் தாங்கவில்லை என்று நினைத்து இன்னொரு பாயையும் சேர்த்துப் போர்த்தினேன், அதற்கப்புறம்தான் மீதி நான்கும் கண் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, ஒவ்வொன்றாகப் போயின. பக்கத்து லைன் பெரியம்மா ஒரு நாள் காலையில் கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ள கைய வச்சுப் பாரு, தகரம் அழுவுது. கோழி குளிர்ல சாகலப்பா, நசநசப்புல சாகுது" என்றார். கையை வைத்தேன், தகரத்தின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அத்தனையும் கோழிகள் விட்ட மூச்சும் அவை போட்ட எச்சமும்தான்.

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், நம்மைவிட நான்கு டிகிரி அதிகம். இறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டால் இறகுகளுக்கு நடுவே காற்று நின்று, அதுவே அதற்குக் கம்பளி ஆகிவிடும். அந்த இறகு நனைந்துவிட்டால் கம்பளி இல்லை. அதனால் இனி சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையிலும் கூடு உலர்ந்து இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், சூடாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இடம்

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் இது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஓடைக்குப் பக்கத்தில்தான் முதலில் பனி உறைவதற்கு அதுதான் காரணம். ஆகவே தண்ணீர் எடுக்கச் சௌகரியம் என்று கூட்டை ஓடைக்கரையில் வைக்காதீர்கள், சரிவின் நடுவில் காலை வெயில் முதலில் விழுகிற இடமாகப் பாருங்கள். ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால் கூட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது தூக்கிவிடுங்கள், அல்லது மேட்டுப் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். வாய்க்காலை ஐப்பசி பிறப்பதற்குள் வெட்டிவிட வேண்டும், மழை பிடித்த பிறகு மண்வெட்டி போட்டால் சேறுதான் மிஞ்சும்.

கூரை, சுவர், காற்று

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தப்பு செய்யும் இடம் இதுதான்.

இங்கே கூரை என்றால் தகரம். வெளியே குளிர், உள்ளே பத்துக் கோழியின் மூச்சுச் சூடு, நடுவில் மெல்லிய தகரம் என்றால் அது வியர்க்காமல் இருக்காது, அந்தத் தண்ணீர் நேராகக் கோழியின் முதுகில்தான் சொட்டும். தகரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாயோ, பழைய பிளைவுட் பலகையோ, ஒன்றும் கிடைக்காவிட்டால் இரட்டையாக மடித்த சணல் சாக்கோ கட்டித் தொங்கவிடுங்கள். சாக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெயில் வரும் நாளில் கழற்றிக் காயப்போட்டுவிடலாம். கூரை சுவருக்கு வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தால் சாரல் உள்ளே வராது, இல்லையென்றால் ஒரு தகரத்தை வாங்கி நீட்டிவிடுங்கள்.

அடுத்தது காற்று. மேலே, கூரை சுவரைத் தொடும் இடத்தில், இரண்டு நீளப்பக்கமும் அரையடி இடைவெளி திறந்தே இருக்கட்டும், வலை மட்டும் அடித்துவிடுங்கள். ஆறடிக்கு நாலடிக் கூடு என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஆறு சதுர அடித் திறப்பு கிடைக்கும், பத்துக் கோழிக்கு அது போதும். ஈரச் சூடு மேலே ஏறும் குணமுள்ளது, அந்த வழியாக வெளியே போய்விடும். இந்தத் திறப்பை மார்கழியிலும் மூடக்கூடாது, எவ்வளவு குளிரடித்தாலும் மூடக்கூடாது. மூட வேண்டியது கீழே, கோழி உட்காரும் உயரத்துக்கும் அதற்குக் கீழும். கோழியின் மேல் நேராக அடிக்கும் காற்று இறகைக் கலைத்துவிடும். ஆகவே கீழ்ச்சுவரில் ஒரு விரல் போகும் சந்துகூட வேண்டாம், தலைக்கு மேலே மட்டும் காற்று போய்வரட்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஜூன், ஜூலை மழை மேற்கிலிருந்து அடிக்கும், அதற்காக மேற்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டியிருப்போம், கிழக்குப் பக்கம் வெயிலுக்காகத் திறந்தே இருக்கும். ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வருகிறது என்பதை மறந்து, படுதாவை அப்படியே விட்டுவிடுகிறோம், முதல் ராத்திரியிலேயே சாரல் நேராக உள்ளே வந்து தரையை நனைத்துவிடுகிறது. புரட்டாசி கடைசியில் கிழக்குப் பக்கத்துக்கும் ஒரு படுதா தைத்துவிடுங்கள். அதைச் சுருட்டிக் கட்டும்படி வையுங்கள், காலையில் வெயில் வந்தவுடன் சுருட்ட வேண்டும், அந்த ஒன்றரை மணி நேர வெயிலை விட்டுவிடாதீர்கள். உரச் சாக்கு வேண்டாம், அது காற்று விடாது. சணல் சாக்குதான் நல்லது, பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டியே ஆகவேண்டும் என்றால் மேலே அரையடி விட்டுக் கட்டுங்கள்.

சரியாகச் செய்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. விடியற்காலையில், கதவு திறப்பதற்கு முன்னால், குனிந்து கோழியின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். கண் எரிந்தாலோ மூக்கில் காரம் ஏறினாலோ உள்ளே அம்மோனியா கூடிவிட்டது, காற்று போதவில்லை. நிற்கும்போது தெரியாது, குனிந்தால்தான் தெரியும், கோழிகள் ராத்திரி முழுக்க அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அந்தக் காரம்தான் முதலில் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்குகிறது, சளி அதற்குப் பின்னால் வருகிறது.

தரை

ஒரு கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் எச்சம் போடும், அதில் முக்கால் பங்கு தண்ணீர். பத்துக் கோழி என்றால் ராத்திரிக்கு மட்டும் அரைக்கிலோ. இது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

நான் செய்வது இரண்டு வேலை. கோழி அடையும் கட்டைக்கு நேர் கீழே ஒரு பலகையை வைத்து, அதன்மேல் கொஞ்சம் சாம்பல் தூவி, தினமும் காலையில் சுரண்டி எடுத்துவிடுவேன். ஐந்து நிமிட வேலை, ஆனால் ராத்திரி எச்சம் அத்தனையும் தரைக்குப் போகாமல் வெளியே போய்விடுகிறது. மீதித் தரைக்கு ஆழமான கூளம். புரட்டாசியில் பழைய கூளத்தை முழுக்க வாரிவிட்டு, தரையை இரண்டு நாள் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, ஆறு அங்குலத்துக்குப் புதுக் கூளம் பரப்புங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் ஏறிவரும் உமி நல்லது. தச்சுப்பட்டறையில் இழைக்கும்போது சுருள் சுருளாக விழும் மரச்சீவலும் நல்லது. கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் அறுக்கிற இடத்தில் கிடைக்கும் நைசான தூள் வேண்டாம், அது பறந்து கோழியின் மூக்கில் ஏறும், ஈரம் பட்டால் அடையாக இறுகிவிடும். சில்வர் ஓக் சருகு இலவசமாகக் கிடைக்கிறது, நன்றாகக் காய்ந்திருந்தால் உமியோடு கலந்து போடலாம். தனியாகப் போட்டால் படிந்து பாய் மாதிரி ஆகிவிடுகிறது.

வாரம் இரண்டு முறை கொத்திக் கிளறுங்கள். அப்போது ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்துவிட்டால் சரி. கொழுக்கட்டை மாதிரி பிடித்தபடி இருந்தால் ஈரம் அதிகம், உடனே அந்த இடத்தை வாரிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். ஈரக் கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் வரும், முக்கியமாக இளங்கோழிகளுக்கு. சிலர் ஈரமான கூளத்தில் சுண்ணாம்புத்தூளைக் கொட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சுண்ணாம்பு போட்டுக் கிளறும்போது அடியில் இருக்கும் அம்மோனியா மொத்தமாக மேலே கிளம்பும். ஆகவே காலையில் கோழிகளை வெளியே விட்டபிறகு கொஞ்சமாகத் தூவி, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் போடவே போடாதீர்கள்.

அடையும் கட்டை

உருண்டையான மெல்லிய கம்பு வேண்டாம். மூன்று விரல் அகலத்துக்கு மேல் தட்டையாக உள்ள சட்டம் வேண்டும். கோழி உட்காரும்போது வயிற்று இறகு இறங்கிக் கால் விரல்களை முழுக்க மூடவேண்டும், மெல்லிய கம்பில் விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கோழிக்கு முக்கால் அடி நீளம் கணக்கு வைத்து, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வையுங்கள், ஏற்றி இறக்கி வைத்தால் மேல் கட்டைக்குச் சண்டை. மேல் காற்றுத் திறப்பு, உட்கார்ந்த கோழியின் தலைக்கு ஓரடியாவது மேலே இருக்கவேண்டும்.

மரநாயும் மற்றவையும்

பனிக்காலத்தில் வலையைத் தூக்கிப் பார்க்க யாரும் ராத்திரி வெளியே வருவதில்லை என்பது மரநாய்க்கு நன்றாகத் தெரியும். கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோண வலையை அது கிழித்துவிடும், கீரியும் பாம்பும் சந்து வழியாக நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) வாங்குங்கள், போடியில் கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு ராத்திரியில் ஏழு கோழி போனால் அந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடும். சுற்றிலும் வலையை ஓரடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். கொக்கி மட்டும் போதாது, கதவுக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். சிறுத்தை நடமாட்டம் உள்ள எஸ்டேட்டில் இருப்பவர்கள் இருட்டிய பிறகு கூட்டில் சத்தம் கேட்டால் தனியாகப் போய்ப் பார்க்காதீர்கள். கோழி போனால் போகட்டும்.

தீனி

குளிரில் கோழி கூடுதலாகத் தின்னும், உடம்புச் சூட்டைக் காக்க அது வேண்டியிருக்கிறது. சாயங்காலம் அடைவதற்கு அரைமணி நேரம் முன்னால் உடைத்த மக்காச்சோளமோ கம்போ ஒரு கைப்பிடி போட்டால், இரைப்பை நிறைந்து ராத்திரி முழுக்க மெல்லச் செரித்துக்கொண்டிருக்கும், அந்தச் சூடே பாதிக் குளிரைத் தாங்கிவிடும். காலையில் வழக்கமான தீவனம்.

இறகு உதிர்த்துப் புதுசு முளைக்கும் கோழிகளுக்குத் தானியம் மட்டும் போதாது, இறகு என்பது பெரும்பாலும் புரதம்தான். கருவாட்டுத்தூள், சோயாப் பிண்ணாக்கு, கரையான் ஏதாவது கொடுங்கள். சாணம் நிரப்பிய பானையைச் சாக்குப் போட்டு ராத்திரி கவிழ்த்து வைத்துக் கரையான் பிடிப்பது கீழ்நாட்டில் எளிது, இங்கே குளிரில் அது சரியாக வராது. நான் கருவாட்டுத்தூளைத்தான் நம்புகிறேன்.

தீவனத்தை மூன்று வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். இந்த ஈரத்தில் மக்காச்சோளமும் கடலைப்பிண்ணாக்கும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை விஷம் ஈரலைக் கெடுத்துவிடும், கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. தகர டிரம்மில் போட்டு, பலகை மேல் வையுங்கள். வாடை மாறிய தீவனத்தைக் கொட்டிவிடுங்கள், காசு போகிறதே என்று வெயிலில் காயவைத்துக் கலக்க வேண்டாம்.

தண்ணீர்ப் பாத்திரத்தை ராத்திரி கூட்டுக்குள் வைக்க வேண்டியதில்லை, இருட்டில் கோழி குடிக்காது, தட்டிவிட்டுத் தரையை நனைப்பதுதான் மிச்சம். காலையில் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். பச்சைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தால் அவை குறைவாகக் குடிக்கும், குடிப்பது குறைந்தால் தின்பதும் குறையும்.

சாம்பல் தொட்டி

ஐப்பசியிலிருந்து மண் காய்வதில்லை, கோழி புழுதி குளிக்க இடமில்லை, பேன் ஏறிவிடுகிறது. ஒரு பழைய டயரையோ பேசினையோ கூரைக்கு அடியில் வைத்து, விறகடுப்புச் சாம்பலும் காய்ந்த மணலும் பாதிக்குப் பாதி நிரப்பி வையுங்கள். அவையே வந்து குளித்துக்கொள்ளும்.

தடுப்பூசியும் புதுக் கோழியும்

வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் லசோட்டா என்கிற சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரத்தில் ஆர்2பி என்கிற தடுப்பூசி, இறக்கைக்கு அடியில் ஊசி. எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும், அதனால் மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே போட்டுவிடுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் குடற்புழு மருந்து. கேரளப் பக்கம் மிருகாசுபத்திரியில் வெள்ளைக்கழிச்சல் என்று சொன்னால் சிலருக்குப் புரியாது, கோழிவசந்தா என்று கேளுங்கள். தடுப்பூசியைக் குளிர் குறையாமல் ஐஸ் வைத்த பிளாஸ்கில் எடுத்துவர வேண்டும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். லயத்தில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் ஒரு குப்பி வீணாகாது. நோய் கண்ட கோழிக்குப் போடக்கூடாது.

புதுக் கோழி வாங்குவதென்றால் அக்டோபருக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். பறவைக்காய்ச்சல் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் தலைகாட்டுகிறது. 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளில் அது வந்தது. அந்த மாதிரி நேரத்தில் எல்லைச் சோதனைச் சாவடிகளில் கோழி ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதையும் மீறி ஜீப்பில் ஒளித்துக் கொண்டுவருவது ஊருக்கே செய்யும் துரோகம். வாங்கிவந்த கோழியை எப்போதும் இரண்டு வாரம் தனியாக, வேறு பாத்திரம் வைத்து வளர்த்துப் பார்த்தபின் சேருங்கள்.

குஞ்சுகள்

முடிந்தவரை கார்த்திகை, மார்கழியில் அடை வைக்காதீர்கள். தை பத்துக்கு மேல் வைத்தால் 21 நாளில் பொரிந்து, குஞ்சு இறங்கும்போது மாசி வெயில் வந்துவிடும். தாய்க்கோழி தானாக அடை படுத்துவிட்டால் அதையும் குஞ்சுகளையும் வீட்டுக்குள்ளே ஒரு பஞ்சாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். கீழே தேனியில் இரண்டு வாரத்தில் பல்பை எடுத்துவிடுவார்கள், இங்கே ஐந்து ஆறு வாரம் ஆகும். எல்ஈடி பல்பில் சூடு வராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் அதிகம், பரவலாகப் படுத்தால் சரி. பல்பை உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சங்கிலியில் கட்டுங்கள், ஒயரில் தொங்கவிடாதீர்கள், அறுந்து விழுந்தால் உமி பற்றிக்கொள்ளும். மழையில் கரண்ட் போவது இங்கே சகஜம், அதனால் சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி வைக்கத் தயாராக இருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கரி போட்ட கணப்பை மூடிய கூட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை, காலையில் குஞ்சுகள் தூங்குவது போலவே செத்துக் கிடக்கும். வீட்டுக்குள் மனிதர்களுக்கும் இதே ஆபத்துதான்.

பனி நாளின் காலை

உறைபனி விழுந்த காலையில் கோழிகளைச் சீக்கிரம் திறந்துவிடாதீர்கள். வெயில் ஏறி, புல் காய்ந்த பிறகு, எட்டரை ஒன்பது மணிக்கு விட்டால் போதும். திறந்துவிடும் நேரத்தில் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்பது, இறகை உப்புவது எல்லாம் சாதாரணம். வெயிலில் வந்தும் உப்பியே நின்றால், மூச்சில் கரகரப்பு கேட்டால், கொண்டை கறுத்தால் தனியாக எடுத்து வையுங்கள். துளசி, சின்ன வெங்காயம், மஞ்சள் அரைத்துக் கொடுக்கலாம், தின்ன வைக்கும், ஆனால் இரண்டு நாளில் சரியாகாவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். கொண்டை உறைந்து கருகுவது இங்கே குறைவு. பெரிய கொண்டை உள்ள லெகார்ன், கிராமஸ்ரீ ரகங்களை வைத்திருப்பவர்கள் மட்டும் கவனித்தால் போதும், அசில் கோழிக்குக் கொண்டையே சின்னது. கொண்டை கருகுவதும் பெரும்பாலும் கூடு ஈரமாக இருந்தால்தான் வரும்.

முட்டை குறையும், கவலைப்பட வேண்டாம். நம் ஊரில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது, வடநாடு மாதிரி ஒரேயடியாகச் சுருங்குவதில்லை. ஆனாலும் நிறைய முட்டையிடும் கலப்பினக் கோழிக்குப் பதினான்கு மணி நேர வெளிச்சம் வேண்டும். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் விடியற்காலையில் ஒரு சின்ன பல்பைப் போட்டு ஈடுகட்டலாம். சாயங்காலம் நீட்டினால், திடீரென்று அணைக்கும்போது கோழிகள் கட்டையில் ஏறாமல் இருட்டில் தடுமாறும். நாட்டுக்கோழியை விட்டுவிடுங்கள், இறகு மாற்றி ஓய்வெடுத்து, தையில் தானாகத் தொடங்கும்.

மாசி பிறந்ததும் கிழக்குப் படுதாவைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டு, கூளத்தை முழுக்க வாரி ஒரு மூலையில் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று மாதம் மக்கிய பிறகு பீன்ஸுக்கும் காரட்டுக்கும் போடலாம், பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும்.